சூடு யாருக்கு?

மேலே தணலும் கீழே தணலும் வைத்துப் பலகாரம் சுடுவது ஒரு பழைய முறை. சித்திரை, வைகாசி மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போகிறவனுடைய நிலைமை ஏறக்குறைய அதுதான். உச்சியில் சூரியன், தொடைகளுக்கு நடுவே எஞ்சின். வண்டி ஓடுகிற வரையில் பாதகமில்லை. ஒரு நாற்சந்தியில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டால் போதும், முழங்காலுக்கு உட்புறம் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது போல் இருக்கும். காலை அகட்டி வைத்துக்கொண்டு, வண்டியையும் அதைச் செய்தவனையும் திட்டிக்கொண்டு, பச்சை விளக்குக்காகக் காத்திருப்போம்.

இது மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய புகார் அல்லவா, கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய தர்மங்களைப் பற்றிப் பேசும்போது மனிதன் மிகச் சுலபமாகப் பொய் சொல்லிவிடுகிறான். தியாகம், சத்தியம், மனிதாபிமானம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்; யாரும் அளந்து பார்க்க முடியாது. காலில் படுகிற சூட்டைப் பற்றி அப்படிப் பேச முடியாது. சுடுகிறதா, இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். ஆகவே இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நம்முடைய சௌகரியத்தினால் உண்டாகிற சூட்டை யார் தாங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அதிலும் ராயபுரம் போன்ற ஒரு பகுதி. நான் சொல்வது திருப்பூர் ராயபுரம். சென்னையில் இருக்கும் ராயபுரத்துக்கும் இந்தக் கேள்வியில் ஒரு பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். திருப்பூரில் இரண்டு சக்கர வண்டி என்பது உல்லாசப் பொருள் அல்ல. தையல் மெஷினைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. வெட்டிய துணிக் கட்டுகளை மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் அடுக்கி, ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரிய, கட்டிங் நடக்கும் இடத்திலிருந்து தையல் நடக்கும் இடத்துக்கும், அங்கிருந்து செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் கொண்டு போவார்கள். காலை எட்டரைக்கு வேலைக்கு ஏறி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, இரவு எட்டரைக்கு இறங்குகிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். அந்த நேரத்தில் தெரு முழுக்க ஓர் எஞ்சின் போலவே இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுதும் நீராவி இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றவர். வெளிநாட்டில் யாரோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப் போகும் பனியனில் சுருக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டவர். வேலை முடிந்தது, இனிக் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வண்டியில் உட்கார்ந்தால், அங்கேயும் ஓர் இஸ்திரிப் பெட்டி காத்திருக்கிறது.

இஸ்திரிப் பெட்டி என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது முக்கால் லிட்டருக்குச் சற்று மேலாகக் குடிக்கும். அந்தச் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாகவே வெளியே போகிறது. ஒரு பகுதி சைலன்ஸர் வழியாக, ஒரு பகுதி எஞ்சினின் உடம்பு வழியாக. அந்த முக்கால் பங்கு மட்டும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தை விடாமல் எரிய விட்டால் வரும் சூட்டுக்குச் சமம். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை இடுக்கிக்கொண்டுதான் நாம் கடைக்குப் போய் வருகிறோம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வண்டி நின்றுகொண்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சக்கரத்துக்கு ஒன்றும் போவதில்லை. எரிகிற பெட்ரோல் குறைவுதான். ஆனால் எரிவது அத்தனையும் சூடு. ஒரு காரியமும் நடக்காத நேரத்தில் செலவாவது முழுவதும் உஷ்ணமாகவே போகிறது. இது எஞ்சினுக்கு மட்டும் பொருந்துகிற உண்மையா என்பதைச் சில அலுவலகங்களிலும் சில குடும்பங்களிலும் பழகியவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ராயபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ஏங்க, வெயில் காலத்துல வண்டி இப்படிச் சுடுதே, ஏதாவது கோளாறா?" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஆயில் குறைஞ்சிருந்தாலும் சுடுமுங்க, செயின் இறுக்கமா இருந்தாலும், பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடுனாலும் சுடுமுங்க. அதெல்லாம் பார்த்துச் சரி பண்ணிரலாம். மத்தபடி அது வண்டி மேல குத்தமில்லீங்க. ஓடற வண்டிக்குக் காத்து இருக்குதுங்க. நின்னுட்டா காத்து ஏது? அப்புறம் அதுக்கு உங்க காலுதானுங்க கெடைக்குது" என்றார்.

எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. ஏனென்றால் ஏறக்குறைய 200 வருஷங்களுக்கு முன்பு ஒரு பிரெஞ்சு இளைஞர் புத்தகம் எழுதிச் சொன்னதற்கு மிகப் பக்கத்தில் அது வந்துவிட்டது. சாதி கார்னோ என்பது அவர் பெயர். 1824ல், தமது 28ஆவது வயதில், நெருப்பின் இயக்கும் சக்தியைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: எஞ்சின் வேலை செய்யச் சூடான இடம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போதுதான் நடுவில் வேலை வாங்க முடியும். எவ்வளவு கெட்டிக்காரன் செய்த எஞ்சினாக இருந்தாலும் சூட்டில் ஒரு பங்கை யாரிடமாவது, எதனிடமாவது ஒப்படைத்தே தீர வேண்டும். வாங்கிக்கொள்ள எதிர்ப்புறத்தில் ஒன்று இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது.

கார்னோ 1832ல், 36 வயதிலேயே, காலராவில் இறந்துபோனார். அவர் பௌதிகத்தைத்தான் சொன்னார், தர்மத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதைத் தர்மசாஸ்திரத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சூட்டைத் தொலைத்துக் கட்ட முடியாது. இடம் மாற்றத்தான் முடியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டிகளின் சரித்திரத்தைப் பார்த்தால் அது ஒரு நாவலைப் போல் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் மேல் வரிவரியாகத் தகடுகள் இருக்கும். அவை அழகுக்காக அல்ல. காற்றில் சூட்டை விடுவதற்காக. ஓடும்போது எதிர்க்காற்று அவற்றைத் தடவிக்கொண்டு போகும். 1946ல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. அதை வரைந்த கொர்ரதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர்; மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். துணியெல்லாம் எண்ணெயாகிறது என்பது அவருடைய குறைகளில் ஒன்று. ஆகவே எஞ்சினைப் பின்புறம் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் மூடி வைத்தார். மூடினால் காற்று படாதே என்று உள்ளே ஒரு விசிறியை வைத்தார்கள். ஓட்டுகிறவருக்கு வேட்டியும் பத்திரம், காலும் பத்திரம். நம் ஊரில் சேதக் ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறைக்கு அந்தச் சுகம் தெரியும். சூடு எங்கே போயிற்று? பின்பக்கமாகப் போயிற்று.

பிறகு, எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் போன்ற ஒரு திரவத்தை ஓட விட்டு, ரேடியேட்டரில் அதைக் குளிர வைக்கும் வண்டிகள் வந்தன. சென்னையில் 1955ல் தயாராகத் தொடங்கி, காற்றினால் குளிர்கிற எஞ்சினுக்கே பெயர் வாங்கிய ராயல் என்பீல்டுகூட 2023ல் திரவத்தால் குளிரும் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. எஞ்சின் பிழைத்தது. ஆனால் வண்டி நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி சுழன்று வெளியே தள்ளுகிற வெந்த காற்று எங்கே போகும்? பல வண்டிகளில் அது நேரே ஓட்டுகிறவரின் முழங்காலைத்தான் தேடி வருகிறது. சூடு வீடு மாறியதே தவிர, ஊரை விட்டுப் போகவில்லை.

ஓட்டுகிறவர் காலில் படுகிற வரையில் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டி அவருடையது, பிரயாணம் அவருடையது, சூடும் அவருடையது. ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. நம்மில் எத்தனை பேருக்குக் கெண்டைக்கால் உட்புறத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது! சின்ன வயதில் அப்பாவின் வண்டியிலிருந்தோ மாமாவின் வண்டியிலிருந்தோ இறங்கும்போது சைலன்ஸர் சுட்ட தழும்பு. 60 டிகிரிச் சூடுள்ள ஓர் உலோகம் 5 விநாடி பட்டால் தோல் வெந்துவிடும். சைலன்ஸரின் சூடோ அதற்கு எவ்வளவோ மேலே. அதற்கு ஒரு நொடியே அதிகம். வண்டி ஓட்டியவர் காலில் அந்தத் தழும்பு இருக்காது. பின்னால் உட்கார்ந்த குழந்தையின் காலில் இருக்கும். "பார்த்து இறங்கக் கூடாதா?" என்று அதற்குத் திட்டு வேறு விழுந்திருக்கும்.

ஒருவருடைய பிரயாணத்தின் சூடு இன்னொருவர் மேல் படுவதும், பட்டவரையே குற்றம் சொல்வதும் உலகத்தில் புதிய காரியம் அல்ல. இங்கேதான் சென்னை ராயபுரம் நினைவுக்கு வருகிறது. 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்து நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட ஒருவர் நிற்பார். முன்னால் உலைவாய், மேலே வெயில். பின்னால் வண்டியில் கனவான்கள் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. டிக்கெட் வாங்கியவர்கள்தாம். ஆனால் டிக்கெட்டில் கரி அள்ளுகிறவருடைய முகம் அச்சடித்திருக்காது. சூட்டைத் தள்ளிவிடுவதில் முதல் சாமர்த்தியம் அதுதான். யார் மேல் தள்ளுகிறோம் என்பது நம் கண்ணுக்குத் தெரியாதபடி தள்ளுவது.

இப்போது கரி எஞ்சின் போய்விட்டது. ஆனால் மே மாதத்தில் திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு கார் வந்து சிக்னலில் நிற்கட்டும். உள்ளே குளிர். அந்தக் குளிர் எங்கிருந்தும் உண்டாக்கப்படவில்லை. உள்ளே இருந்த சூட்டை எடுத்து, அதை எடுத்த எஞ்சினின் சூட்டையும் சேர்த்து, வெளியே தெருவில் கொட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு மொபெட். அதன் மேல் துணிக் கட்டுகள், கட்டுகளுக்கு நடுவே ஓர் ஆள். காரின் சூடும் தன் வண்டியின் சூடும் சேர்ந்து அவர் காலடியில் வந்து விழுகின்றன. காரில் இருப்பவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "பாவம், என்ன வெயில்!" என்கிறார். உண்மையாகவே இரக்கப்படுகிறார். அந்த வெயிலில் தம்முடைய பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

காரை மட்டும் சொல்வானேன்? நம் வீட்டுப் படுக்கையறைக்கு ஏ.ஸி. வைக்கும்போது வெளிப்பெட்டியை எங்கே மாட்டுகிறோம்? பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

மனித உடம்பும் ஓர் எஞ்சின்தான். அதற்கும் சூட்டை வெளியே விட ஓர் இடம் வேண்டும். தோலின் உஷ்ணம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் காற்றில் விட்டுவிடும். பங்குனி கடந்து, கத்திரி வெயில் வந்து, காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் விஷயம் தலைகீழாகிறது. எதிர்க்காற்று உடம்பிலிருந்து சூட்டை எடுப்பதற்குப் பதிலாக உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கிறது. வேகமாகப் போனால் குளிரும் என்று நினைப்பது அப்போது பாதிதான் நிஜம். அப்புறம் மிஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை காய்ந்து ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டைத் தன்னோடு எடுத்துப்போகிறது. அந்த ஒரு லிட்டரை அவர் குடித்தாக வேண்டும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் உச்சி வெயிலில் சட்டையைக் கழற்றுவதில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டு, முகத்தில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு போகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று வருகிற வரைக்கும் கொங்கு நாட்டுக்காரர்கள் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

சரி, எல்லோரும் எல்லாச் சூட்டையும் அடுத்தவன் மேல்தான் தள்ளுகிறார்களா? இல்லை. இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் அதே மோட்டார் சைக்கிளிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற புகை விதிகள் நம் நாட்டில் அமலுக்கு வந்தன. அதன்படி, புகைக் குழாயில் ஒரு சிறு அறை வைத்து, விஷவாயுவான கார்பன் மோனாக்ஸைடையும் அரைகுறையாக எரிந்த பெட்ரோலையும் அங்கே தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றி வெளியே விடுகிறார்கள். அந்த அறை வேலை செய்ய வேண்டுமானால் அது 250, 300 டிகிரிக்குமேல் சூடாக இருக்க வேண்டும். சீக்கிரம் சூடேறுவதற்காகப் பல வண்டிகளில் அதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, அதாவது ஓட்டுகிறவர் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். "புது வண்டி பழைய வண்டியைவிடச் சுடுகிறதே!" என்று சிலர் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். முன்பு அந்தப் புகை எங்கே போயிற்று? பின்னால் வந்தவரின் நெஞ்சுக்குள் போயிற்று. நடைபாதையில் கடை போட்டவரின், பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையின் மூச்சில் போயிற்று. இப்போது அதில் ஒரு பகுதி, சூடாக மாறி, வண்டிக்கு உடையவரின் காலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. கஷ்டம் குறையவில்லை போலத் தோன்றினாலும், அது சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் சௌகரியத்தின் விலையை நான் கொடுக்கிறேன். காலில் படும் இந்தச் சூட்டை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு விதத்தில் கௌரவமான சூடு.

திருப்பூருக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. அந்த ஊர் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. பனியனுக்கு நிறம் கொடுத்த சாயத் தண்ணீர் நொய்யலில் போயிற்று. நொய்யலின் மேல், பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தச் சாயம் தேங்கியது. நிறத்தை உடுத்தியவர்கள் எங்கோ இருந்தார்கள். நிறத்தைக் குடித்த நிலமும் கிணறும் கீழ்க்கரை விவசாயிகளுடையவை. வழக்குகள் நடந்தன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்து, மிச்சத்தை நீராவியால் வற்றவைத்து, திரும்பவும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் வந்தது. அதற்கு எரிபொருள் வேண்டியிருக்கிறது. கடைசியில் உப்பு மிஞ்சுகிறது. அதை மூட்டை கட்டி வைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கஷ்டத்தைக் கீழ்க்கரைக்காரர் தலையில் கட்டாமல், தொழில் தன் முற்றத்திலேயே அதை வைத்துக்கொள்ள ஆரம்பித்தது என்பதுதான் முக்கியம்.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபணை வரும். "அப்படியானால் அவரவர் சூட்டை அவரவரே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதானே உம்முடைய தர்மம்? அன்பு என்பதே அடுத்தவர் சூட்டைத் தாங்கிக்கொள்வதுதானே? தாய் அடுப்பங்கரையில் நின்று தோசை வார்ப்பதில்லையா? கணக்குப் பார்த்தா வார்க்கிறாள்?" என்று கேட்பார்கள்.

நல்ல கேள்வி. பொறுமை பெரிய குணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறுமை யாருக்குக் குணம்? வேண்டாம் என்று சொல்லக் கூடியவன் பொறுத்துக்கொண்டால் அது குணம். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாதவன் பொறுத்துக்கொண்டால் அது அவனுடைய குணம் அல்ல. அது நம்முடைய வசதி. தாய் மனம் உவந்து அடுப்படியில் நிற்கிறாள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு நாள், "இன்றைக்கு என்னால் முடியாது" என்று அவளால் சொல்ல முடியுமா என்று அந்த வீட்டில் விசாரியுங்கள். சொல்ல முடியும் என்றால், மற்ற நாட்களில் அவள் வார்த்த தோசை அன்புதான். சொல்லவே முடியாது என்றால், அதை அன்பு என்று நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஒப்புரவு அறிதலுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். நாம் செய்கிற தந்திரம் என்னவென்றால், முதல் அதிகாரத்தை ஏழைக்குப் படித்துக் காட்டுகிறோம். இரண்டாவதை மேடையில் பேச வைத்துக்கொள்கிறோம். நீராவி இஸ்திரி மேஜைக்கு முன்னால் நிற்கிறவரிடம், "எல்லாம் பழகிவிடும்" என்று சொல்வது எளிது. அவருடைய தோலும் 35 டிகிரித் தோல்தான். நம்முடைய வியர்வையைவிட அவருடைய வியர்வை குறைவான சூட்டில் காய்வதில்லை.

யார் மேலும் படாமல் சூட்டை ஆகாயத்தில் விட்டுவிட்டால் என்ன என்று இன்னொரு யோசனை சொல்வார்கள். ஆகாயம் பெரிதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு அந்த ஆகாயத்துக்குப் போகிறது. பூமியின் சூட்டை அது போர்வை போல் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். யாருமே இல்லாத இடம் என்று நினைத்துத்தான் அங்கே அனுப்பினோம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவே. "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஊரார் சும்மா இருக்கிறார்கள் என்றும் சொல்லக் கூடாது. 2024 மே மாதத்தில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சில நாற்சந்திகளில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும் இரண்டு சக்கர வண்டிக்காரர்களுக்கு ஒரு நிமிஷ நிழல். 2025ல் சென்னை மாநகராட்சி, வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்காரர்கள் உட்காரக் குளிரூட்டிய அறை ஒன்றை அண்ணாநகரில் திறந்தது. அந்த அறையின் ஏ.ஸி.யும் வெளியே சூட்டைத்தான் கொட்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. காலமெல்லாம் மற்றவர் சூட்டை வாங்கிக்கொண்டவருக்கு அரை மணி நேரமாவது, தம் சூட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட உரிமை கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பந்தல் நிழலைப் பொறுத்தவரை அந்தச் சங்கடமும் இல்லை. மரத்தைப் போல, அது யாருக்கும் கெடுதல் செய்யாமல் நன்மை செய்கிறது. பழைய காலத்து மனிதர்கள் சாலையோரத்தில் புளியமரம் வைத்துவிட்டுப் போனார்களே, அவர்கள் கார்னோவைப் படித்தவர்கள் அல்ல.

அப்படியானால் என்னதான் செய்வது? வண்டியை விற்றுவிட்டு நடக்கச் சொல்லவில்லை. ராயபுரத்திலிருந்து துணிக் கட்டைத் தலையில் சுமந்து போகச் சொல்கிறவனை அந்த ஊர்க்காரர்கள் சிரித்து விரட்டிவிடுவார்கள், அது சரியும்கூட. சூடு இல்லாத வாழ்க்கை இல்லை. ஒரு சௌகரியத்தை வாங்கும்போது, இதன் சூடு எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். கேட்டால் பதில் கிடைக்கும். பதில் கிடைத்துவிட்டால், பழையபடி நிம்மதியாக இருக்க முடியாது. அந்த நிம்மதிக் குறைவிலிருந்துதான் இதுவரை உலகத்தில் நடந்த நல்ல காரியங்களில் பாதி பிறந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

நாளைக்கே செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. சிக்னலில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். உங்கள் காலுக்குச் சூடு குறையும், பெட்ரோல் மிச்சம், இவை உங்கள் லாபம். பின்னால் நிற்பவரின் மூச்சுக்கும் கொஞ்சம் குறையும். அவர் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார். நீங்கள் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது. கார்க்காரர் நிறுத்தினால் இன்னும் விசேஷம், ஏனென்றால் அவர் இழப்பது அரை நிமிஷக் குளிரை. பக்கத்தில் மொபெட்டில் நிற்பவர் அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை. விளக்கு பச்சையானதும், கட்டுகளைச் சாய்த்துச் சமாளித்துக்கொண்டு, அடுத்த கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்.